வந்திருந்தோர் ஐவர்

சரித்திரம் என்றால் செத்தவர்கள் சமாச்சாரம்தானே என்று திருவிதாங்கூர்த் தலைநகரத்துச் சாலைக் கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு நடுவில், ஒரு கொப்பரைத் தேங்காய் மொத்தக் கடையின் மாடியில், தென் திருவிதாங்கூர் சரித்திரக் கழகம் இருபத்திரண்டு வருஷம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1956ஆம் வருஷம் ஆனி பிறந்தபோது அதற்கு இழுப்பு கண்டிருந்தது.

செயலாளர் தாணுலிங்கம் சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் அவருக்குச் சோறு இறங்காது. கட்டுரை வாசிக்க வந்தவர்களை, எந்தக் கல்வெட்டு, எந்தச் சுவடி என்று குடைந்து குடைந்தே பாதிப் பேரை விரட்டினார். மீதிப் பேரை மாகாணப் பிரிவினை விரட்டியது. நாஞ்சில் நாடு மதராஸோடு சேரப் போகிறது, இந்த ஊர் மலையாள ராஜ்யத்தில் நிற்கப் போகிறது என்று நிச்சயமானதும் அழகியநம்பி வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குப் போனார். குற்றாலலிங்கத்துக்கு மாடிப்படி ஏறக் கால் வரவில்லை. மனசும் வரவில்லை என்பது தாணுலிங்கத்தின் கட்சி. கடைசியில் மிஞ்சியது அவரும் சாம்பசிவனும்தான்.

சாம்பசிவன் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மனைவி போய், மகள் சீதாலக்ஷ்மி மதுரையில் வாழ்க்கைப்பட்ட பிறகு, தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறையில் தனியாக இருந்தார். எந்தக் கோயிலில், எந்த மடத்தில் சுவர்ச்சித்திரத்தின் மேல் வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் பஸ் பிடித்து ஓடுவார். சுண்ணாம்பு வாளி வருவதற்குள் பார்த்து வரைந்துகொண்டு வந்துவிடுவார். அப்படிச் சேர்ந்த நானூறு படங்கள்தான் கழகத்தின் ஆஸ்தி.

கழகத்துக்கு ஒரு விதி உண்டு. மாதக் கூட்டத்துக்கு ஐந்து பேராவது வரவேண்டும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராவிட்டால் கழகம் கலைந்ததாகக் கொண்டு சேகரிப்பு முழுவதையும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். விதியை எழுதியவர் தாணுலிங்கமே. படங்கள் யாரும் திறக்காத ஒரு கிடங்கில் போய் மக்கும் என்று இப்போது பயந்தவரும் அவரே. ஆகவே அந்த வருஷம் மாசியில், மினிட்ஸ் புத்தகத்தில், வராத மூன்று பேரை வந்ததாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கு முன்பும் பேனாவைக் கீழே வைத்து எடுத்தார். சாம்பசிவன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பேஷ். சபை நெறஞ்சுடுத்து ஓய்."

"சிரிக்காதேயும். ஒம்ம படத்துக்காவத்தான் இந்தப் பாவம் எல்லாம்."

நாலு மாதம் அப்படியே ஓடியது.

ஆனி முதல் ஞாயிறு, விடியற்காலையிலிருந்தே மழை. கூட்டம் நாலு மணிக்கு. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, சாம்பசிவனைக் காணோம். ஒரு கூட்டமும் தவறாத மனிதர். லாட்ஜுக்கு நடந்தால் பத்து நிமிஷம். தாணுலிங்கம் ஒரு தடவை குடையைக்கூடக் கையில் எடுத்தார். முழங்கால் வலி, அவர் வீடோ கரமனையில், நேர் எதிர்த்திசை. மழைக்குப் பயந்து இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார் மனுஷன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். வந்திருந்தோர் ஐவர். மடத்துச் சுவர் ஒன்றை வெள்ளையடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தைத் தாணுலிங்கம் கொண்டுவர, சாம்பசிவன் வழிமொழிந்தார். கூட்டம் ஐந்தரைக்கு முடிந்தது. மூன்று பேரை எழுதிப் பழகிய கைக்கு நாலாவது பெயர் ஒரு சிரமமும் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் லாட்ஜ்காரர்கள் சாம்பசிவனின் அறைக்கதவை உடைத்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்து, ஒரு பிற்பகலில் சீதாலக்ஷ்மி கழகத்தின் மாடிப்படி ஏறி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தாணுலிங்கம் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"இரிம்மா. அப்பாவுக்க படம் எல்லாம் பத்திரமா இருக்கு, கேட்டியா."

"படத்துக்கு வரலை மாமா. ஒண்ணு கேக்கணும்." அவள் உட்காரவில்லை. "அப்பா கதவண்டை வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கார். கூஜா கவுந்து கெடந்துதாம். ஞாயித்துக்கிழமை காலம்பறவே விழுந்திருக்கலாம், ஒரு நாள் முழுக்க உசிரோட கெடந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார். கூப்பிட்டிருந்தாலும் மழையில யாருக்குக் கேக்கும்? நெனச்சா கண்ணை மூட முடியலை. அன்னிக்கு சாயங்காலம் இங்க மீட்டிங் உண்டோல்லியோ? அப்பா வந்தாரா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். சொன்னால், வராதவரை ஏன் தேடவில்லை என்று கேட்பாள். பிறகு புத்தகம் வெளியே வரும், கழகம் போகும், நானூறு படமும் போகும். அவர் இதையெல்லாம் யோசித்தார் என்று சொன்னால் அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. உண்மையில் அவர் பயந்தார், அவ்வளவுதான்.

அவள் பார்வை மேஜைமேல் போயிற்று. "இதுல எழுதியிருப்பேளே" என்று மினிட்ஸ் புத்தகத்தைத் தானே புரட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. ஒருமுறை மனசுக்குள் படித்தாள், பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"அஞ்சரை வரைக்கும் நன்னாத்தான் இருந்திருக்கார்." அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா என்ன பேசினார் மாமா?"

"சுண்ணாம்பு வாளியக் கண்டாலே கை பதறறது ஓய்னாரு."

அது சாம்பசிவன் சொன்னதுதான். எந்த வருஷமோ சொன்னது.

"டாக்டர் கிட்டக் காமிக்கணும். எங்காத்துலயும், அனாதையாக் கெடந்து செத்தார்னு பேசிக்கறா. இந்தப் பக்கத்தை எழுதித் தருவேளா?"

தாணுலிங்கம் எழுதினார். சர்வே ஆபீசின் அச்சுப்போன்ற கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அசலுக்குச் சரியான நகல் என்று கடைசியில் எழுதி, கழக முத்திரையைக் குத்தினார். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஒற்றுத்தாளால் மையை ஒற்றி, தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படிவரைக்கும் போனவள், திரும்பி வந்தாள்.

"மாமா, நீங்க என்னை மன்னிக்கணும். கூட்டத்துக்கு வரலையேன்னு ஒரு மனுஷாளாவது எட்டிப் பாத்திருக்கப்படாதான்னு, இத்தனை நாளா உங்களையெல்லாம் சபிச்சுண்டிருந்தேன்."

தாணுலிங்கத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அறுபத்தாறு வயதில், ஒரு பெண்பிள்ளை முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். சிநேகிதருக்காக அழுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அழாதீங்கோ மாமா. கடைசியா அவரோட இருந்தது நீங்கதானே" என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு, படியிறங்கிப் போனாள்.