நாலேகால் மணிப் பூட்டு

...வீட்டிலுள்ள இணைப்புகளை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தால் ஒரு நிமிட வேலை, ஆனால் மருமகள் அப்படிச் செய்ய மாட்டாளாம், ஒவ்வொன்றாகத்தான் அணைப்பாளாம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்று, அணைத்துவிட்டு வாசல் கதவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு நாலேகால் தாண்டும்வரை பூட்டையே பார்த்துக்கொண்டு... இந்தப் பொறுமையை எந்தக் கடையில் எடைபோட்டு வாங்கினாள் என்று ரேடியோ அத்தைக்கு ஒன்பது நாளாக வியப்பு. ரேடியோ என்பது தெரு வைத்த பெயர், அத்தைக்குத் தெரியாது என்று தெரு நம்புகிறது, நம்பட்டும். இன்று பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மணி மூன்று ஐம்பது. சோபாவில் அத்தை, பக்கத்தில் அவர், முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய மனிதர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மத்தியானத்துக்குள் மறந்துவிடும், ஆனால் கதவில் க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், டிப்போவில் வண்டி காத்திருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

உள்ளிருந்து எண் அழுத்தினால்தான் திறக்க வேண்டிய பூட்டு நாலேகால் வாக்கில் யாரும் தொடாமல் தன்னால் திறந்துகொள்கிறது, அதுதான் வியாதி. அப்படித் திறந்து இரண்டு தடவை போய்விட்டார். முதல் தடவை டிப்போ வாசலில், வாட்ச்மேனிடம் வண்டிச் சாவி கேட்டுத் தகராறு செய்துகொண்டு. இரண்டாம் தடவை நாற்சந்தியின் நட்ட நடுவில், லாரிகளுக்குக் கையசைத்து வழிவிட்டுக்கொண்டு. மகனுக்கு வேலை வேறு ஊரில், போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான், “ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சரியாகலைன்னா அப்பாவைக் காப்பகத்துல சேர்த்துடலாம்மா, ஃபார்ம்கூட வாங்கி வெச்சாச்சு.” தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று அத்தை கேட்டதற்கு, தாழ்ப்பாள் என்றால் அவரே திறந்துவிடுவார் என்றான், அதுவும் சரிதான். இந்த வீட்டை ஓட்டும் மென்பொருளைப் போன வருடம் வைத்தவன் அவன், அதில் இணைப்பு என்று இருபத்துமூன்று, இப்போது “எல்லாத்தையும் அணைச்சுத் தொலை” என்கிறவனும் அவனே. மருமகள்தான் மறுத்தாள். “மாமா அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தா கேஸை மூடுறது ஒரு இணைப்பு. படுக்கையை விட்டு எழுந்தா என் போனை அடிக்கிறது ஒரு இணைப்பு. அதெல்லாம் இருக்கிறதாலதான் அவரை வீட்டுல வெச்சுக்க முடியுது, அத்தை. பல்லு வலிச்சா தலையையா எடுப்பாங்க?”

பேச்சைப் பார், பேச்சை... வந்த புதிதில் வாயில் கொழுக்கட்டை என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தது தப்போ? முதல் நாள் அவள் அணைத்தது வானிலையை. மழை வெயில் சொல்கிற சங்கதி பூட்டை எப்படித் திறக்கும் என்று அத்தை சிரித்தாள், “சந்தேகப்பட்டா எல்லாரையும் ஒண்ணு போல சந்தேகப்படணும்” என்றாள் மருமகள், நாலேகாலுக்குப் பூட்டு க்ளிக் என்றது, எழுந்த மாமாவைக் கைபிடித்து உட்காரவைத்துவிட்டு நோட்டில் எழுதினாள், வானிலை, குற்றம் இல்லை. வானிலையைத் திரும்ப ஓடவிட்டாள். மறுநாள் துவைக்கும் இயந்திரம், முடிந்ததென்று அது சொல்லாததால் துணியெல்லாம் உள்ளேயே கிடந்து நாறியது, பூட்டு மட்டும் தவறாமல் திறந்தது. பிறகு ஜன்னல் திரை, பிறகு அழைப்பு மணி, குற்றம் இல்லை, குற்றம் இல்லை... ஒரு நாளாவது முகம் சுளித்தாளா? அத்தையாக இருந்தால் மூன்றாம் நாளே சுத்தியலை எடுத்திருப்பாள்.

இன்றைக்கு வேறு மாதிரி. “அத்தை, இன்னிக்கு ஒரு நாள் வாக்கிங் வேண்டாமே, மாமா பக்கத்துல உட்காருங்களேன்” என்றாள், சரி என்று உட்கார்ந்தாயிற்று, ஆனால் கால் சும்மா இருக்கிறதா? முட்டிக்கு நல்லது, பூங்காவில் தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னது உண்மை, போன மாதம்வரை நடந்ததும் உண்மை, அப்புறம் தெருக்கோடியில் அந்தத் தையல் கடை வந்தது, கடைக்காரி ஒரு நாள் ஸ்டூலை இழுத்துப்போட்டாள், உட்கார்வதும் முட்டிக்கு நல்லதுதானே... மூன்றேமுக்காலுக்குப் போனால் ஐந்து மணிவரை ஊர்க்கதை. பேங்க்காரர் வீட்டுப் பெண் நிச்சயம் ஏன் நின்றது என்பதை இன்றைக்குச் சொல்வதாக இருந்தாள், கடைக்காரி இந்நேரம் வேறு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாளே, பாவி. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பூங்கா என்றால் பூங்கா. “இன்னிக்கு எதை அணைச்சிருக்கே?” என்று கேட்டாள் அத்தை, வாய் சும்மா இருக்காமல். “எதையும் இல்லை அத்தை, எல்லாம் ஓடுது.” அப்புறம் எதைத்தான் சோதிக்கிறாய் என்றதற்கு மருமகள் பூட்டைப் பார்த்தபடியே லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

நாலு பத்து. நாலேகால். அத்தை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் என்ன ஸ்டாப் என்று கேட்டார், இன்னும் வரவில்லை என்றாள். நாலு இருபது... நாலரை. பூட்டு வாயே திறக்கவில்லை! அட, சரியாகிவிட்டதே, அவர் வீட்டிலேயே இருப்பார், காப்பகமும் வேண்டாம் ஃபார்மும் வேண்டாம், சந்தோஷத்தில் எழப்போன அத்தை பாதியில் நின்றாள். எதையும் அணைக்கவில்லை என்றாளே? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்... நேற்று இருந்த எல்லாம் இன்றும் இருக்கிறது, நேற்று இல்லாத ஒன்று இன்றைக்கு சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. அத்தைக்குக் காது மடல் சுட்டது.

“என்னம்மா... கண்டுபிடிச்சிட்டியா?”

“வீட்டைச் சுத்தி ஒரு வட்டம் இருக்கு அத்தை. வெளியே போய் அரை மணி ஆன வீட்டு ஆளோட போன் வட்டத்துக்குள்ள திரும்பினா பூட்டு தானா திறக்கும், பையும் கையுமா வர்றவங்களுக்கு வசதின்னு உங்க பிள்ளை வெச்சது. ஒரு போன் மட்டும் தினமும் அந்தக் கோட்டு மேலேயே உட்கார்ந்திருந்திருக்கு. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளேன்னு கணக்குத் தடுமாறி, ஆள் வந்துட்டாங்கன்னு வீடு கதவைத் திறந்துவிட்டிருக்கு.”

எந்தப் போன் என்று அவள் சொல்லவில்லை. கோடு தையல் கடை ஸ்டூலுக்கு அடியில் போகிறது என்பதையும், பூங்கா எதிர்த் திசையில் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. நான்தானா, நாற்சந்தியின் நடுவில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது பேங்க்காரர் வீட்டுக் கதையா... ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானையில் விழுமாம் துள்ளி. ஐந்து மணிக்குத் திரும்பும்போது கதவு தானாகத் திறப்பதைத் தனக்கு வீடு கொடுக்கிற மரியாதை என்றுவேறு கடைக்காரியிடம் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதற்குள் மகனின் போன் வந்துவிட்டது. முடிந்தது கதை, மானம் போயிற்று என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரியாயிடுச்சுங்க. ஒரு இணைப்பு கோளாறு” என்றாள் மருமகள். “எதுவா? தூரம் சரியா அளக்கத் தெரியாத ஒண்ணு. அணைச்சுடறேன். ஃபார்மைக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க.”

ஒன்பது நாள் காவல் இருந்து பிடித்த திருடியை இப்படி யாராவது விட்டுவிடுவார்களா? அத்தை விட்டிருப்பாளா... சத்தியமாக மாட்டாள், ராத்திரிக்குள் நாலு தெருவுக்குப் போயிருக்கும். இவள் நோட்டைக்கூட மூடிவைத்துவிட்டாள். கெட்டிக்காரத்தனத்தை ஊரில் நிறையப் பார்த்தாயிற்று, கெட்டிக்காரத்தனத்தோடு வாயையும் மூடிக்கொள்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்ப்பது, அதுவும் சொந்த வீட்டில். அருகில் போய் எட்டிப் பார்த்தாள், எட்டிப் பார்க்காமல் இருந்தால் அவள் அத்தையே இல்லையே. திரையில் வீட்டு ஆட்களின் போன்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. மகனுடையது பச்சை. ‘அத்தை’ என்று இருந்ததன் மேல் மருமகளின் விரல் ஒரு தடவை பட்டது, சாம்பலாயிற்று. அதற்குக் கீழே இன்னொன்று, யாரும் தொடாமலே சாம்பலாக.

“இது உன்னோடதுதானே? இதை எப்ப அணைச்சே?”

“உங்க பிள்ளை இதையெல்லாம் வெச்ச அன்னிக்கே, அத்தை.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாமாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். ஒரு வருடம்... எந்த வீட்டுக்கு எந்த மருந்து வருகிறது, எவன் எந்த பஸ்ஸில் எவளோடு இறங்கினான், எல்லாம் அத்தைக்கு விரல் நுனியில், இந்த வீட்டுக்குள் ஒரு வருடமாக ஒருத்தி எங்கே போகிறாள் எங்கே வருகிறாள் என்று யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்கு இதோ வர்றேன் என்று போவாளே, எங்கே? அத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கேட்க என்ன இருக்கிறது, வாயில் கொழுக்கட்டை வைத்தவள்தானே என்று... இப்போது கேட்கலாம், நாக்கு நுனியில்தான் இருக்கிறது, உள்ளே தம்ளர் நிறைகிற சத்தம் கேட்கிறது, இன்னும் நாலு விநாடியில் வந்துவிடுவாள். கேட்டால் சொல்லிவிடுவாளோ, சொன்னது தன் வாயில் தங்குமோ என்று, ரேடியோ அத்தைக்கு முதன்முதலாகப் பயமாக இருந்தது.