பத்துமலையில் என் பாட்டு

தாலாட்டு, ராப், சோப்பு விளம்பரம் என்று எதைக் கொடுத்தாலும் பாடுவேன். ஆனால் எங்கள் கிள்ளான் ஊர் முழுக்க ஓடியது, என்னை ஏமாற்றிவிட்டுப் போன தினேஸை வாய்க்கு வந்தபடி திட்டி நான் எழுதிப் பாடிய பாட்டுதான்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளக்காரர்கள் அந்த மெட்டிலேயே முருகனைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் 'நாயே' என்று போட்டிருந்த இடத்தில் 'வேலா' வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? பழைய வரியையே பாடினேன்.

"சாமி பாட்டக் கெடுக்காத லா!" என்று பக்கத்திலிருந்த ஆன்டி முறைத்தார்.

காவடியோடு ஒருவன் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தான். பார்த்தால், தினேஸ்! நேரே வந்து என் நெற்றியில் விபூதி பூசினான்.

"ஒன்னப் பிடிச்ச சனி விலகிருச்சு மகளே!"

"தெரியும் சாமி. அந்தச் சனிக்கு எழுதின பாட்டுக்குத்தான் இப்ப ஆடுறீங்க."