சவர் ஏறிய கிணறு

எனக்கும் அஸ்பியாவுக்கும் கலியாணம் முடிந்து இருபத்தேழு வருடம். பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிந்தவூரில் நாங்கள் இருக்கிற வீடும் அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. கொடுப்பதற்கு எங்களுக்கொரு மகள் இல்லை என்பதைக் கலியாண வீடுகளில் யாராவது அவளுக்கு ஞாபகப்படுத்தி விடுவார்கள். அவள் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சாமான் விலையெல்லாம் ஏறிய வருடம் வீட்டைச் சுற்றியிருந்த வளவில் நாலு கத்தரிக் கன்று வைத்தாள். வெறும் கடல் மணல். முதல் மாரியில் வெள்ளம் நின்று எல்லாம் அழுகிப் போனது. அடுத்த முறை மேடு கட்டி, மாட்டெருப் போட்டு, மீன் கழுவிய தண்ணீரையும் ஊற்றினாள். தை மாதம் கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும் காய்த்த காய்ப்பில் எங்களால் தின்று முடிக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் உள்ள அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிப் படலைக்கு வரத் தொடங்கினார்கள்.

"ராத்தா, ரெண்டு கத்தரிக்கா தாங்க. மீன் வாங்கிட்டன், கூடப் போட ஒண்டுமில்ல."

"ரெண்டா? உண்ட மாமி சட்டியத் திறந்து எண்ணிப் பாக்கிற பொம்பள. நாலு கொண்டு போ."

அவள் பகிடி விட்டுச் சிரிப்பதை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்டேன்.

கோடையில் கச்சான் காற்று மணலைக் காய்ச்சி எடுக்கும். கிணற்றில் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுவாள். தோள்மூட்டு வலியில் தலைமுடி கட்டக் கை உயராது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், போன ஆனியில் கல்முனைக்குப் போய் ஒரு தண்ணீர் மோட்டர் வாங்கி வந்து கிணற்றில் பூட்டினேன்.

"வேணாம் மச்சான். மணல் கிணறு, பையப் பைய அள்ளணும்."

"ஓம், நீ அள்ளி அள்ளி ஆஸ்பத்திரியில படு. சுவிச்சப் போட்டுட்டு ராணி மாதிரி இரி."

சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதினைந்து நாள் நல்லாத்தான் இருந்தது. பிறகு பயற்றை இலைகளின் ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் அதிக நேரம் மோட்டர் ஓட்டினேன். கத்தரிப் பூ கொட்டியது. இன்னும் ஓட்டினேன். ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"சவர். உப்புக் கரிக்கிது."

கிணறு வெட்டுகிற முனாப் காக்காவைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார்.

"ஜெமீல், கடல் கிட்டக் கிடக்கு. மேலாலதான் கொஞ்சம் நல்ல தண்ணி நிக்கும். வாளி அத மட்டும் அள்ளும். நீ மோட்டரப் போட்டுக் கடல உறிஞ்சி எடுத்திருக்காய். இவ்வளவு நாளும் கத்தரிக் கண்டுக்கு உப்புத்தான் ஊத்தியிருக்காய்."

"மாரி வந்தா மாறுமா காக்கா?"

"கிணறு மாறும், இன்ஷா அல்லாஹ். கண்டுகள உட்டுடு."

அவள் ஏசவில்லை. "எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றாள். காய்ந்த பந்தலை அவளே அவிழ்த்தாள். படலைக்கு வந்தவர்கள் ஓரிரு கிழமை வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை.

கார்த்திகையில் நல்ல மழை. கிணறு நிரம்பியது. குடித்துப் பார்த்தேன், உப்பே இல்லை. கடைக்கு ஓடிப்போய் விதை வாங்கி வந்து நீட்டினேன்.

"தண்ணி நல்லாயிட்டு புள்ள. வா, மேடு கட்டுவம்."

அவள் கை நீட்டவில்லை.

"எண்ட தங்கச்சிட மகளுக்கு வாற மாப்பிள்ளயெல்லாம் ஊடில்லெண்டு தட்டிப் போகுது. இந்த ஊட்ட அவளுக்கு எழுதிக் குடுப்பம் மச்சான்."

"அப்ப வளவு?"

"அதுக்குள்ள தங்கச்சியாக்கள் ரெண்டு அறை கட்டி எடுப்பாங்களாம். நேத்து நீங்க இல்லாத நேரம் வந்து அளந்தும் பாத்தாங்க. நான் ஓமெண்டுட்டன்."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாமெண்டுவீங்க. திரும்ப நட்டு, திரும்ப ஆக்கள் வந்து, திரும்ப ஒரு நாள் படலைக்கு ஆருமே வராம... எனக்கு ஏலாது மச்சான்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கல் ஏற்றிய லொறி வந்தது. கத்தரி நின்ற மேட்டைக் கண்டு சாரதி தயங்கி நிறுத்தினான். கையைக் காட்டி, "பரவாயில்ல மகன், இன்னும் உள்ளுக்கு எடுங்க" என்று சொன்னது அவள்தான்.