கசியாத குழாய்

ஊரில் யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுவரில் காதை வைத்தே கசிவு எங்கே என்று சொல்லிவிடுகிற மனிதர். அப்படிப்பட்ட குழாய்க்காரருக்குத் தன் சொந்த நிலத்தில் தேங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சொன்னால் வெட்கக்கேடு. டீக்கடையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நிலம் அவருக்கும் தையற்கடை வைத்திருக்கும் தங்கைக்கும் பொது. பழைய சதுப்பு நிலங்களைத் திரும்ப உண்டாக்கினால் செலவில் பாதியை அரசு தரும், மறுபாதியை உடலுழைப்பாகவும் காட்டலாம் என்று ஒரு திட்டம் வந்ததும் இவர் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். செங்கல் சூளைக்காரருக்கு விற்றுவிடலாம் என்றிருந்த தங்கை அரை மனசோடுதான் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வாளரம்மா வரும்போது அளவுக்கம்பில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, நிலம் சூளைக்கு. அண்ணனும் தங்கையும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

வாய்க்காலிலிருந்து தண்ணீர் நாள் முழுக்க வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் காலையில் போய்ப் பார்த்தால் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருக்கும். வெயில் குடிக்கிறதா என்று ஒரு வாளியில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். வாளியில் அரை விரல்கூடக் குறையவில்லை. நண்டு வளையா என்று கரை முழுக்கத் தவழ்ந்து பார்த்தார். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். கவலை ஒரு பக்கம் இருக்க, அடடா, இது எங்கேதான் போகிறது என்ற ஆவல் அவரைச் சோறு தின்ன விடவில்லை.

செவ்வாய்க்கிழமை யார் வீட்டிலோ கழிப்பறைத் தொட்டியைச் சோதிக்கும்போதுதான் உறைத்தது. தொட்டி கசிகிறதா என்று பார்க்க நீலத்தைக் கரைத்து ஊற்றுவது அவர் தினமும் செய்கிற வேலை. தன் குளத்துக்கு அதைச் செய்யத் தோன்றவில்லையே! கடையிலிருந்த நீலப்பொடி முழுவதையும் வாங்கி, குளத்தின் ஆழமான இடத்தில் கொட்டினார். பிறகு வேலி, பள்ளம், சாலையோரம் என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் காலை, சாலைக்கு அந்தப்பக்கம் முட்புதர் மூடிய ஓடையில் நீலம் வந்தது. புதரை வெட்டி விலக்கினார். உள்ளே ஒரு சுட்ட மண்குழாயின் வாய். நீலத் தண்ணீர் நிதானமாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாயைச் சுற்றிப் பூசிய சிமெண்டில் ஒரு கட்டைவிரல் தடம் பதிந்திருந்தது.

வேலை முடிந்ததும் ஈரச் சிமெண்டில் கட்டைவிரலை அழுத்துவது அவர் வழக்கம். தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார். விரல் பெருத்திருந்தது, ஆனால் நடுவிலுள்ள வெட்டுத்தழும்பு அதேதான். பதினெட்டு வயதில், அப்பாவோடு சேர்ந்து, சேற்று நிலத்தைக் காய வைக்க மண்ணுக்கடியில் பதித்த வடிகால். அவருடைய முதல் வேலை; முப்பது வருஷத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது. இத்தனை நாளாக அவர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். ஓட்டையே கிடையாது. எல்லாம் அவர் செய்தபடியே சரியாக வேலை செய்துகொண்டிருந்தது.

கடப்பாரையை எடுத்து வந்து கரையடியில் தோண்டியவருக்கு, குழாய் தெரிந்ததும் கை எழவில்லை. ஒரு துண்டுகூட நகரவில்லை, பாவி, அவ்வளவு நேர்த்தி. சேதி கேட்டு வந்த தங்கை குழியை எட்டிப் பார்த்தாள்.

"நீ உடைக்கறியா, நான் உடைக்கட்டுமா?" என்றாள்.

அவரே உடைத்தார். பத்தடி நீளத்துக்குக் குழாயைப் பெயர்த்து எடுத்துவிட்டு, களிமண்ணைத் திணித்து மிதித்தார்கள். முடிந்ததும் பழக்கதோஷத்தில் களிமண்ணிலும் கட்டைவிரலை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது, லேசான நீலத்தோடு. ஆய்வாளரம்மா நீலம் ஏன் என்று கேட்டார். குழாய்க்காரர் கதையைச் சொல்லி, பெயர்த்த குழாயில் ஒரு துண்டைக் கழுவி நீட்டினார். அதில் அந்தம்மாவின் துறை முத்திரையே பதிந்திருந்தது.

"அன்னிக்குத் தண்ணிய வெளியேத்த பாதி குடுத்தீங்க. இன்னிக்கு நிறுத்தப் பாதி குடுக்கறீங்க. ரெண்டு தடவையும் மீதிப் பாதி இந்தக் கைதாம்மா."

அந்தம்மா முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசித்து, கடைசியில் சிரித்தே விட்டார். அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று துண்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தம்மா போனபின் தங்கை கரையில் உட்கார்ந்து, சூளைக்காரர் விலை எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை நான்காகக் கிழித்தாள்.

"இன்னும் முப்பது வருஷம் கழிச்சு, மறுபடி காய வைங்கன்னு பாதி காசோட வந்தா என்னண்ணா பண்ணுவ?"

குழாய்க்காரர் அளவுக்கம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேற ஆளைப் பாருங்கன்னுடுவேன். நான் அடைச்சா கசியாது."