கல்கத்தாவுக்கு அடியில்

எனக்குப் பாம்புச் செவி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்பதால் அதை யாரிடமும் மறுத்ததில்லை. பதினெட்டு வருஷ வயர்லெஸ் உத்தியோகம், அதில் பதினொரு வருஷம் போர்ட் பிளேரில். மோர்ஸ் கீயைத் தட்டுகிற தட்டிலேயே அனுப்புகிறவன் யார், அவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன் என்று அபர்டீன் பஜார் டீக்கடையில் அளந்திருக்கிறேன். கேட்டவர்களும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

1966 மார்ச்சில் எங்கள் நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தெற்குத் தீவுகளிலிருந்து வரும் செய்திகளைக் காதில் வாங்கி எழுதும் மேசை அது. அங்கே இருந்தவர் மாற்றலாகிப் போய்விட, மற்ற ஆப்பரேட்டர்கள் ஆளுக்கு அரை மணி உட்கார்ந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். இந்த லட்சணத்தில், அந்தத் தெற்குத் தீவுகளில் ஒன்றான கமோர்ட்டாவில் ஒற்றை ஆளாக நிலையம் நடத்திவந்த பன்னீர்செல்வத்திடமிருந்து நான்கு நாளாக ஒரு சத்தமும் இல்லை. செட் கெட்டிருக்கும், அடுத்த கப்பலில் மெக்கானிக்கை அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். கமோர்ட்டா பக்கம் போகும் அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

காலியிடத்துக்கு மனுப் போட்டவர்கள் பதினொரு பேர். பத்து பேர் மெயின்லேண்டிலிருந்து வந்த பையன்கள். சென்னையில் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, நான்கு நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள். பதினொன்றாவது புஷ்பம்.

புஷ்பம் ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் சுந்தரத்தின் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் தினக்கூலி வேலை பார்த்துவந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு காலத்தில் மோர்ஸ் படித்தான். அவனுக்குக் கேட்டுப் பழக வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டிக் காட்டியவள் இவள். அண்ணனுக்குக் கடைசிவரை வரவில்லை, இவளுக்கு வந்துவிட்டது. மனுவில் பயிற்சி பெற்ற இடம் என்ற கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அவள் எதிரிலேயே சிரித்தேன். விளம்பரத்தில் ஆண்கள் மட்டும் என்று போட எங்களில் யாருக்கும் தோன்றாமல் போனதால் அவளைத் தள்ளிவிட வழியில்லை.

"ஏப்ரல்ல எனக்கு இருபத்தஞ்சு முடியுது சார். வயசு வரம்பு அதோட சரி. இது போச்சுன்னா ஜிந்தகி பூரா, சாகற வரைக்கும் மூட்டைச் சீட்டுதான்" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

தேர்வன்று காலையில் எங்கள் பஸ்ஸர் காலை வாரியது. தேர்வுக்கென்று வைத்திருந்த அந்தச் சின்ன ஒலிப்பெட்டி உப்புக்காற்றில் துருவேறி ஊமையாகிவிட்டது. தேர்வுக் குழுத் தலைவர் சிவஞானம் சென்னையிலிருந்து இதற்காகவே வந்திருந்தார், மறுநாள் சென்னைக் கப்பலில் திரும்ப வேண்டியவர். நான் ஒரு யோசனை சொன்னேன். பதினொரு மணிக்குக் கல்கத்தா நிலையம் கப்பல்களுக்காக வானிலைச் செய்தியை மோர்ஸில் அனுப்பும். ரிசீவரை அதில் வைத்து ஒலிபெருக்கியில் விடலாம், எல்லோரும் ஐந்து நிமிஷம் கேட்டு எழுதட்டும். நானும் கூடவே எழுதுகிறேன், என் பிரதியை விடைத்தாளாக வைத்துத் திருத்தலாம். சிவஞானம் சரியென்றார்.

கல்கத்தா அன்று கணீரென்று வந்தது. பத்து பையன்களும் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். புஷ்பம் முதல் இரண்டு வரியை எழுதிவிட்டுச் சட்டென்று பென்சிலை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுத ஆரம்பித்தாள், ஆனால் நிறுத்தி நிறுத்தி.

மதியம் திருத்த உட்கார்ந்தேன். பையன்கள் பரவாயில்லை, இரண்டு பேர் ஒரு பிழைகூட விடவில்லை. புஷ்பத்தின் தாளில் முதல் இரண்டு வரிகள் கல்கத்தா. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட என் பிரதியோடு ஒட்டவில்லை. எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, காதுல விழுந்ததை எழுதச் சொன்னா கதை எழுதி வச்சிருக்கே?"

"விழுந்ததைத்தான் சார் எழுதினேன். மேலே கல்கத்தா பெரிசா கத்திட்டிருந்தாங்க. நீச்சே இன்னொருத்தர் இருந்தார். அவங்களுக்கு அடியில, ரொம்ப மெல்லிசா. சுருதி வேற சார், அதான் பிரிச்சுக் கேக்க முடிஞ்சுது."

"இது பரீட்சைன்னு தெரியுமில்ல? கல்கத்தாவை விட்டுட்டு அதை எதுக்கு எழுதினே?"

"கல்கத்தாவைப் பத்து பேர் எழுதிட்டிருந்தாங்க. அவரை யாரும் எழுதலையே சார்."

தாளை மறுபடி எடுத்து, திருத்துகிற கண்ணோடு பார்க்காமல் செய்தியாகப் படித்தேன். ஆங்கிலத்தில், நடுவில் எழுத்துகள் விட்டுப்போய் இப்படி இருந்தது: ‘கமோர்ட்டா. பெரிய செட் எரிந்தது. சின்ன செட். நான்கு நாள் கடும் காய்ச்சல். எழ முடியவில்லை. பேட்டரி தீர்கிறது. பதினொன்றுக்கும் நான்குக்கும் மட்டும் அனுப்புவேன். யாராவது கேட்கிறீர்களா.’

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். கமோர்ட்டாவில் அவசரத்துக்கென்று ஒரு சின்ன செட் உண்டு, அதன் அலைவரிசை கல்கத்தாவை ஒட்டினாற்போல இருக்கும். அதனாலேயே அங்கே யாரும் காது கொடுப்பதில்லை. அந்த அறையில் நானும் இருந்தேன். அதே ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், எல்லோரையும்விடக் கிட்டத்தில். எனக்குக் கல்கத்தா மட்டும்தான் கேட்டது.

நான்கு மணிக்கு ரிசீவர் முன்னால் நானும் புஷ்பமும் உட்கார்ந்தோம், ஆளுக்கொரு ஹெட்போன். சிவஞானம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். கல்கத்தா ஏதோ ஒரு கப்பலோடு பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற இரைச்சல். நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரைச்சல்தான் இருந்தது.

புஷ்பம் விரலை உயர்த்தினாள். "வந்துட்டார் சார்."

அவள் பென்சில் நகர்ந்தது. பொய் சொல்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்றைக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கீயை எடுத்துத் தட்டினேன்: ‘நான் பக்தவத்சலம். கடைசிக் கப்பலில் உனக்கு என்ன அனுப்பினேன்?’

அரை நிமிஷம் போனது. அவள் எழுதத் தொடங்கினாள். நான் அந்தப் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் எழுத்தாக வந்தது: ‘நார்த்தங்காய் ஊறுகாய். பாட்டில் உடைந்து வந்தது. நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்.’

இருநூற்றைம்பது மைல் கடலுக்கு அப்பால், காய்ச்சலில் கிடக்கிற ஒருவன் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியில் விரலை அசைக்கிறான். அந்த அசைவு எத்தனையோ அலையைத் தாண்டி, கல்கத்தாவின் கூச்சலுக்கு அடியில் நுழைந்து, மூட்டைச் சீட்டு எழுதும் ஒரு பெண்ணின் காதுக்கு வந்து சேருகிறது. பதினெட்டு வருஷமாக நான் செய்துவந்த வேலை இத்தனை பெரிது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதிரில் இருப்பவள் என் மகள் வயதுக்காரி. எழுந்து கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"உனக்கு எப்படிம்மா கேக்குது?" என்றேன்.

"எங்க க்வார்ட்டர்ஸ் விஞ்சுக்குப் பக்கத்துலதானே சார். ராத்திரி பகல் ஷோர்தான், ஒரே இரைச்சல். அதுக்குள்ளேதான் அம்மா கூப்பிடறது, பால்காரன் வர்றது எல்லாம் கேட்டாகணும்" என்றாள். இதிலென்ன அதிசயம் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குள், கமோர்ட்டாவுக்கு வடக்கே இருக்கும் கார் நிக்கோபார் தீவுக்குச் செய்தி போய்விட்டது. டாக்டரையும் புது பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு ஒரு லாஞ்ச் கிளம்புகிறது என்று பதிலும் வந்தது. புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பெஞ்சுக்குப் போனாள். முடிவை அறிவிக்கும்வரை மனுதாரர்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் பக்தவத்சலம், நானும் பார்த்தேன். ஆனா மார்க்குன்னு ஒண்ணு இருக்கே. விடைத்தாளோட ஒத்துப் போகணும், அதுதான் ரூல். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வரிதான் ஒத்துப்போகுது. ரூலை மீறினா பத்து பசங்களும் மெட்ராஸுக்கு மனு எழுதுவாங்க. நாம பதில் சொல்லி மாளாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ரூல் புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தேன். தேர்வை நடத்தும் ஆப்பரேட்டர் எந்தப் பிரதியைச் சரியானது என்று கையெழுத்திட்டுக் கொடுக்கிறாரோ அதுவே விடைத்தாள் என்று இருந்தது.

"நாம ஆள் எடுக்கிறது எந்த மேசைக்கு சார்?" என்று கேட்டேன்.

"தெற்குத் தீவு மேசைக்கு."

"பதினொரு மணிக்குத் தெற்குத் தீவிலேர்ந்து செய்தி வந்துச்சா, இல்லையா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்.

புஷ்பத்தின் தாளை எடுத்து, கீழே ‘சரியான பிரதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பாவம், நல்ல பையன்கள், நான் சொன்னதை நம்பி எழுதியவர்கள். பத்துக்கும் பூஜ்யம் போட்டேன். அடியில் என் பிரதி இருந்தது. அதற்கும் போட்டேன்.