மூன்றாம் குளத்தில் ஒன்பது கெண்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை கேட்டது சீனாவின் செங்டு நகரத்து நீர்த்தோட்டத்தைப் பற்றி ஒரு கலைக் கட்டுரை. பன்னிரண்டு வருடமாக அங்கேதான் தேநீர் குடிக்கிறேன், எழுத முடியாதா என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுத உட்கார்ந்த காலையில் ஒரு பெண் குளத்து மீன்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "ஆற்றின் அழுக்கு நீர் கல் மலர்களில் துள்ளி, நாணலிடம் தன் பாவங்களை—"

வேண்டாம். நகராட்சி விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: ஆற்று நீரை மேலே ஏற்றுகிறார்கள். அது கல்லில் செதுக்கிய பூக்கிண்ணங்களில் விழுந்து, நாணலும் தாமரையும் வளர்ந்த குளங்களில் தெளிந்து, கடைசித் தொட்டியில் பிள்ளைகள் ஆடும் அளவுக்குச் சுத்தமாகிறது. அன்று மூன்றாம் குளத்தில் ஒன்பது கெண்டைகள்* நாணல் வேரைக் கிளறிச் சேறாக்கியிருந்தன. பத்து மணிக்கு நீரைச் சோதிக்க ஆள் வருகிறார். கலங்கியிருந்தால் தொட்டிக்குப் பூட்டு.

(இது பரவாயில்லை.)

* கெண்டைதானா என்று கேட்காதீர்கள். மீசை இருந்தது.

3

திட்டியவள் ஷூச்சின், தோட்டத்தைப் பராமரிப்பவள். முதல் வரைவில் அவளைத் தெய்வப்பிறவி ஆக்கியிருந்தேன். கிழித்துப் போட்டேன். கல்யாணப் படம் எடுக்க வந்து நாணலை மிதித்த மாப்பிள்ளையை மண்வெட்டியோடு துரத்தியவள் அவள்.

மீன்களை விட்டவள் எதிர்க் குடியிருப்பு லியாவ் அக்கா. உயிருள்ள மீனை வாங்கித் தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்பது இங்குள்ள வழக்கம். அன்று அவள் கணவருக்கு இதய ஆபரேஷன்.

"புண்ணியத்துக்கு என் குளந்தான் கெடச்சுதா? பக்கத்துலதானே ஆறு ஓடுது!" என்றாள் ஷூச்சின்.

"கரை முழுக்கத் தூண்டிலோட ஒக்காந்திருக்கானுங்க. நான் இந்தப் பக்கம் விட, அவன் அந்தப் பக்கம் மொளகாக் கொழம்புல போடுவான்."

"அப்ப எடுத்து ஒரு வாளில வெக்கிறேன்."

"அடைச்சு வெச்சா அது புண்ணியமாடி? அங்க அவரு நெஞ்சத் தொறந்து வெச்சிருக்காங்க. அவரு வெளிய வர்ற வரைக்கும் இதுங்க நீந்தட்டும்."

ஷூச்சின் வலையைத் தோளில் சாத்திக்கொண்டு மணியைப் பார்த்தாள்.

4

முடிவு அ: ஷூச்சின் மீன்களை அள்ளுகிறாள். (எழுதிப் பார்த்தேன். லியாவ் அக்காவின் முகத்தை எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: அள்ளவில்லை. தொட்டிக்குப் பூட்டு. (பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?)

நடந்தது என் மண்டையில் உதித்தே இருக்காது. ஷூச்சின் தேநீர்க் கடைக்கு ஓடி மூங்கில் நாற்காலிகளைத் தூக்கிவந்தாள். நான் உட்கார்ந்திருந்ததையும் உருவினாள். மீன்களை நாணல் இல்லாத பக்கம் ஓட்டி, முழங்கால் தண்ணீரில் நாற்காலிகளை வரிசையாக இறக்கினாள்.

"பாதிக் குளம் ஒனக்கு, பாதி எனக்கு. வந்து ஒக்காருக்கா. இடுக்குல வர்றதக் காலால தள்ளு."

இருவரும் குளத்துக்குள் உட்கார்ந்து மீன்களை உதைத்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புதுச் சிற்பமா?"

"ஆமாங்க," என்றாள் ஷூச்சின். "இன்னும் முடியல. கால எடுத்தா கெட்டுப்போயிரும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கடைசித் தொட்டியில் குப்பியை அமுக்கினார்.

5

குப்பியில் நீர் எப்படி இருந்தது என்று எழுதலாம். எழுதத்தான் போனேன். அதற்குள்—

லியாவ் அக்கா தண்ணீரில் இறங்குமுன் தன் கைபேசியை என்னிடம் கொடுத்திருந்தாள். அது அடிக்கிறது. மருத்துவமனை.

"நீயே எடுத்துக் கேளு தம்பி," என்கிறாள். கண்ணை மீன்களிடமிருந்து எடுக்கவில்லை.

எனக்குத் தைரியம் இல்லை. பொய்யாக ஒரு நல்ல செய்தி எழுதவும் கை வரவில்லை. நீங்கள் எடுங்கள். நல்லதாக இருந்தால் தோட்டமே கேட்கும்படி கத்துங்கள். இல்லையென்றால், அவள் தானாகக் காலை எடுக்கும் வரையாவது சொல்லாதீர்கள்.