பத்தாயிரத்து ஒன்று

நூலகச் சுவருக்குப் பத்தாயிரம் டைல். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான், ஒவ்வொன்றையும் ஊரில் ஒருவர் வரைந்திருந்தார். வெறும் டைல் கலக்கக் கூடாது, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது பேச்சு. வரிசைக்கு நூற்றிருபத்தைந்து வீதம் எண்பது வரிசை என்று கணக்குப் போட்டு, ஒட்டும் வேலையை எடுத்திருந்த நானும் என் வீட்டுக்காரரும் சுவரில் வரிசைக்கு நூல் கட்டிவிட்டோம்.

அப்போதுதான் என் தங்கச்சி ஒரு டைலோடு வந்து நின்றாள். பக்கவாதத்தில் வலது கை போனபின் இடது கையால் வரைந்த முதல் படம். ஒரு கோணல் குருவி.

"லேட்டாயிடுச்சேம்மா," என்றார் நூலகத் தலைவர். "ஒண்ணு கூடினா வரிசை உதைக்கும். இதைத் தனியா கண்ணாடிப் பெட்டியில வெச்சிடலாம், ஜம்முனு இருக்கும்."

"வேணாங்க. எல்லாரோடயும் இருக்கணும்னுதான் வரைஞ்சேன்." டைலைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடி போற? உக்காரு!" என்று கத்திவிட்டு, டைல் வந்த அட்டைப்பெட்டி மேலேயே பத்தாயிரத்து ஒன்றை வகுக்க ஆரம்பித்தேன். இரண்டு, மூன்று, ஐந்து எதிலும் போகவில்லை. ஏழில் மீதி, பதினொன்றில் மீதி.

"அது எதுலயும் வகுபடாத எண்ணு. விட்டுத் தொலையேன்," என்றார் வீட்டுக்காரர்.

"நூறு வரைக்கும் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. அதுக்குள்ள ஒண்ணும் சிக்கலன்னா நானே விட்டுடறேன். இப்ப பென்சிலைச் சீவுங்க."

சீவினார். பெட்டியின் மூன்று பக்கம் நிரம்பிவிட்டது. எழுபத்தொன்றிலும் மீதி. தங்கச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்தது எழுபத்து மூன்று. மீதி பூஜ்யம். நம்பாமல் திரும்பப் பெருக்கினேன்.

"அடி சக்கை! எழுபத்து மூணு வரிசைடி! வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு!"

"சுவர் பத்துமா?" என்றார் தலைவர். அதற்குள் வீட்டுக்காரர் டேப்பை இழுத்துக்கொண்டு ஓடியிருந்தார். "அரை சாண் மிச்சமே இருக்கு!" என்று அந்தக் கோடியிலிருந்து கூவினார்.

கட்டிய நூலையெல்லாம் நானே அறுத்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக என் வேலையை நான் கெடுத்ததே இல்லை. குருவியைத் தங்கச்சியே இடது கையால் ஒட்டினாள், சுவரின் நடுவில் எங்கோ.

திறப்பு விழாவில் தலைவர் சுவரைத் துழாவிக்கொண்டே வந்தார். "கடைசியா வந்த அந்த ஒண்ணு எங்கம்மா? கண்டுபிடிக்கவே முடியலையே!"

எனக்கும் தெரியவில்லை. தங்கச்சியைப் பார்த்தேன்.

"சொல்ல மாட்டேன்," என்று சிரித்தாள் அவள்.